சீமைக் குளிருக்குச் சிவாஜிநகர்ச் சரக்கு

பெங்களூர்வாசிகளாகிய நமக்கு ஒரு பெருமை உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் குடியிருக்கிறோம் என்பதே அது. ஆம்பூரிலும் வேலூரிலும் உள்ள உறவினர்கள் சித்திரை வெயிலில் விசிறியும் கையுமாய் வாடுகையில், ‘எங்கள் ஊரில் இரவில் போர்வை வேண்டும்’ என்று சொல்லிக்கொள்வதில் நமக்குத் தனி இன்பம். மார்கழி பிறந்துவிட்டால் சிவாஜிநகரில் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டாத பெரியவரைக் காண்பது அரிது. அவ்வேளையில் வெப்பமானி காட்டுவது 15 பாகைதான். அதே 15 பாகையில் ஜெர்மானியர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ‘வசந்தம் வந்துவிட்டது’ என்று பூங்காவில் அமர்ந்திருப்பதை நேரில் கண்ட பின்னர், எங்கள் பெருமை சற்றே சுருங்கிற்று.

2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் எங்கள் அன்னையாருடன் மியூனிக் நகருக்குச் சென்றுவந்த வரலாற்றை எழுதுமாறு சங்கத்து அன்பர்கள் சிலர் கேட்டனர். அரண்மனைகளைப் பற்றியும் அருங்காட்சியகங்களைப் பற்றியும் எழுதுவதற்கு வேறு பலர் இருக்கிறார்கள். நாங்கள் எழுத விரும்புவது மூட்டை கட்டிய கதையை. இவ்விதழை வாசிக்கும் குடும்பங்களில் மகனோ மகளோ கடல் கடந்து வாழாத வீடு இன்று குறைவு. பிள்ளைப்பேற்றுக்குத் துணையாகத் தாயார் புறப்பட வேண்டிய நாள் ஏதேனும் ஒரு வீட்டில் வந்துகொண்டே இருக்கிறது. அப்போது முதலில் எழும் கேள்வி, ‘எதை எடுத்துப் போவது?’ என்பதுதான்.

எங்கள் தங்கை மியூனிக்கில் வாழ்கிறாள். அவளுக்கு ஏப்ரல் கடைசியில் பிள்ளைப்பேறு என்று மருத்துவர் நாள் குறித்திருந்தார். தாயாரை அவள் கண்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்னையாருக்கு வயது அறுபத்து நான்கு. மாரிக்காலத்தில் இழுப்பு வரும். ‘குளிர் நாட்டில் மூச்சு முட்டினால் பெற்றவளுக்கு யார் பார்ப்பது, பிள்ளை பெற்றவளுக்கு யார் பார்ப்பது?’ என்று அவரே கேட்டார். போவதா, நிற்பதா என்று இரண்டு வாரம் வீட்டில் இதே பேச்சு. எங்கள் மருத்துவர்தான் தெளிவுபடுத்தினார். குளிர்ந்த காற்று நேரே மூச்சுக்குழலில் படுவதுதான் தீங்கு. வெளியே செல்லும்போது மூக்கையும் வாயையும் ஒரு மெல்லிய கம்பளித் துணியால் மூடிக்கொண்டால் உள்ளே போகும் காற்று சற்றே வெதுவெதுப்பாகும். உறிஞ்சும் மருந்து எப்போதும் கைப்பையில் இருக்கவேண்டும். இவ்வளவு செய்தால் போய்வரலாம் என்றார். ஆகவே பயணத்தின் முதல் ஆடையாக ஒரு மூக்குத் துணி குறிக்கப்பட்டது!

இலாகாவில் ஆட்சேபணை இன்மைச் சான்று பெற்றதும், ஈட்டிய விடுப்புக்கு எழுதிக் கொடுத்ததும், விசாவுக்காக 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுத்ததும் தனிப் புராணம், அதை விடுவோம்.

துணிக்கு வருவோம். ஐரோப்பாவில் ஏப்ரல் மாதம் எப்படி இருக்கும் என்று தங்கையைக் கேட்டால், ‘சொல்ல முடியாது’ என்பதே விடை. அது பொறுப்பற்ற விடையன்று. அட்லாண்டிக் மாகடலிலிருந்து மேற்குக் காற்று வீசினால் மழையும் மிதமான குளிரும். காற்று வடதுருவப் பக்கத்துக்குத் திரும்பினால் ஒரே இரவில் உறைபனி. ஆல்ப்ஸ் மலையைத் தாண்டித் தெற்கிலிருந்து ‘ஃபோன்’ என்னும் வறண்ட காற்று இறங்கினால் சில மணி நேரத்தில் கோடை. மியூனிக் அம்மலைக்கு வடக்கே, ஏறக்குறைய 520 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இம்மூன்றுக்கும் உரிய ஊர். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் வாரத்திலேயே தென்மேற்கு ஜெர்மனியில் வெப்பம் 30 பாகையை எட்டியதாகச் செய்தி வந்தது. ‘அப்படியானால் கம்பளியே வேண்டாம்’ என்றனர் எங்கள் தெருக்காரர்கள். இரண்டே வாரத்தில் அதே நாட்டில் உறைபனி விழுந்து திராட்சைக் கொடிகளின் தளிர்கள் கருகின.

நாங்கள் துணி வாங்கப் புறப்பட்ட நாளில் பெங்களூரில் 36 பாகை. தண்ணீருக்கு லாரியின் பின்னால் ஓடிய ஆண்டு அது என்பது நேயர்களுக்கு நினைவிருக்கும். அந்த வெயிலில் கம்பளி எங்கே என்று கேட்ட எங்களைக் கடைக்காரர்கள் ஏற இறங்கப் பார்த்தனர். திபெத்தியர்கள் மார்கழியில் வந்து ஸ்வெட்டர் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். கமர்ஷியல் தெருவின் பெரிய கடைகளில் மேல்மாடியில் கட்டிவைத்த சரக்கை இறக்கிக் காட்ட ஆளில்லை. ஆனால் சிவாஜிநகரைப் பற்றி அதில் பிறந்து வளர்ந்தவர்கள் ஒன்று சொல்வார்கள்: கேட்பது எதுவானாலும் மூன்றாவது சந்தில் கிடைக்கும். அது பொய்யாகவில்லை.

1927-இல் எழுந்த ரஸ்ஸல் மார்க்கெட்டின் பின்புறம், பழத் தட்டுகளையும் மீன் வாடையையும் கடந்து சென்றால், ஏற்றுமதியில் கழிந்த ஆடைகளை மலைபோல் குவித்து விற்கும் சிறு கடைகள் உண்டு. பெங்களூரின் தையல் தொழிற்சாலைகளில் பல்லாயிரம் பெண்கள் தைப்பது பெரும்பாலும் வெளிநாட்டாருக்கான உடுப்புகளே. ஒரு பொத்தான் தவறினாலும், நூல் நிறம் மாறினாலும், ஆணைக்குமேல் மிகுந்தாலும் அவை கப்பலேறாமல் இங்கே வந்துவிடும். அங்கே அன்னையாருக்கு ஒரு மழைச் சட்டை கிடைத்தது. தலையை மூடும் குல்லாயுடன், காற்றுப் புகாத துணியில், முன்புறம் இழுக்கும் ஜிப்புடன் கூடியது. உள்ளே தைத்திருந்த சீட்டில் விலை யூரோவில் இருந்தது! ஐரோப்பாவுக்காக நம் ஊரில் தைத்து, ஐரோப்பாவுக்குப் போகாமல் நின்றுபோன உடுப்பை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகும் பாக்கியம் எங்களுக்கு வாய்த்தது.

“பாய், கடைசி விலை சொல்லுங்கள்” என்றார் அன்னையார்.

“அம்மா, சீட்டைப் பாருங்கள். அதில் பத்தில் ஒரு பங்குகூட நான் கேட்கவில்லையே!”

“சீட்டில் உள்ள காசுக்கு அங்கே வாங்கிக்கொள்கிறோம். சிவாஜிநகர் விலையைச் சொல்லுங்கள்.”

அறுநூறு ரூபாய்க்குப் படிந்தது.

சேலைப் பிரச்சினை அவ்வளவு எளிதில் படியவில்லை. உறவினர் அனைவரும் ஒரே குரலாக, ‘அங்கே சேலை உதவாது, சுடிதாரோ கால்சட்டையோ போட்டுக்கொள்ளுங்கள்’ என்றனர். தொலைபேசியில் தங்கையும் அதையே சொன்னாள். அன்னையார் மறுமொழி கூறவில்லை. அன்று மாலை புனித மரியன்னை பசிலிக்காவைக் கடந்து வருகையில் நின்றார். செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய தமிழ்க் கிறித்தவர்களின் வழிபாட்டுக்காக 1818-இல் சிற்றாலயமாக எழுந்தது அது. அங்குள்ள மரியன்னை திருவுருவத்துக்கு நாள்தோறும் சேலைதான் சாத்துகிறார்கள். “சீமையிலிருந்து இங்கே வந்த மாதா சேலை கட்டிக்கொண்டார். இங்கேயிருந்து சீமைக்குப் போகும் நான் மட்டும் அவிழ்க்க வேண்டுமா?” என்று கேட்டார். அதற்கு மேல் எவரும் வாதிடவில்லை. சேலையோடு குளிரைத் தாங்குவது எப்படி என்பதே பின்னர் எங்கள் ஆராய்ச்சியாயிற்று.

அந்த ஆராய்ச்சியில் பெரும் பங்கு அன்னையாருடையதே. இப்ராஹிம் சாகிபு தெருவில் கம்பளி கலந்த ஃபிளானல் துணி வாங்கி, முழங்கை கடந்து மணிக்கட்டுவரை வரும் ரவிக்கை மூன்றும், அதே துணியில் உள்பாவாடை இரண்டும் தைக்கக் கொடுத்தார். உதகமண்டலத்தில் வாழ்ந்த அவருடைய அத்தை அவ்வாறு உடுத்தியதைச் சிறு வயதில் கண்டிருக்கிறாராம். தையற்காரரோ துணியைத் தொட்டுப் பார்த்து, “இந்த வெயிலில் இதை மடியில் வைத்துத் தைப்பதற்கே தனிக் கூலி வேண்டும்” என்றார். ரவிக்கைக்கும் பாவாடைக்கும் உள்ளே உடலோடு ஒட்டி அணியும் மெல்லிய தெர்மல் ஆடை இரண்டு ஜோடி. மெட்டி அணிந்த விரலுக்காகக் கட்டைவிரல் பிரித்த காலுறை நான்கு. கட்டும் சேலைகளில் கைத்தறிப் பருத்தி ஒன்றே ஒன்று. மற்றவை செயற்கை இழையும் பட்டும். பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடலின் சூட்டைக் கவர்ந்துவிடும்; உலரவும் நாளாகும். பட்டும் கம்பளியும் நனைந்தபோதும் ஓரளவு சூடு காக்கும். செயற்கை இழை உதறினால் உலர்ந்துவிடும். நம் ஊர் வெயிலில் பருத்தியை நாம் போற்றுவது எக்குணத்துக்காகவோ, அக்குணமே குளிர் நாட்டில் பகையாகிறது.

வெளிநாட்டுக் குளிருக்கு முன் ஒரு தமிழர் திகைத்து நின்ற வரலாற்றை இவ்விடத்தில் சொல்லாமல் மேற்செல்ல இயலாது. எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு அவர்மேல் தனிப் பற்று. சென்னைத் துறைமுகக் கழகத்தில் 1912-இல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த கணித மேதை இராமானுஜன், 1914 மார்ச் 17 அன்று ‘நெவாசா’ என்னும் கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டு ஏப்ரல் நடுவில் இலண்டனை அடைந்தார். புறப்படுமுன் குடுமி களையப்பட்டது. சீமை உடுப்புகள் தைக்கப்பட்டன. கேம்பிரிட்ஜில் பூட்ஸ் காலைக் கடித்தமையால் அறைக்குள் செருப்பே அணிந்தார் என்பர். குளிர் நாளொன்றில், அங்கே பயின்றுகொண்டிருந்த மகலனோபிஸ் (பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர்) அவரைக் காணச் சென்று, இரவில் குளிர் தெரியாமல் உறங்குகிறீர்களா என்று கேட்டார். மேல்கோட்டு அணிந்து, சால்வையும் போர்த்திக்கொண்டு படுத்தும் குளிர்கிறது என்றார் இராமானுஜன். மகலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் பல ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கப்பட்டு, மேல்விரிப்பால் மூடப்பட்டு, ஓரங்கள் மெத்தைக்கடியில் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்று நம்மவருக்கு எவரும் சொல்லவில்லை. அத்தனை கம்பளிகளின் மேலே படுத்து அவர் குளிரில் நடுங்கியிருக்கிறார்!

எண்களின் மறைபொருளையெல்லாம் கண்டவருக்கு மெத்தை விரிப்பின் மறைபொருள் தெரியவில்லை என்று சிலர் இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்வதுண்டு. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. திண்ணையில் பாய் விரித்துப் படுத்த பிள்ளைக்கு எங்ஙனம் தெரியும்? கேட்பதற்குக் கூச்சம், சொல்வதற்கு அண்டையில் ஆளில்லை. 1917 முதல் நோயுற்று, 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். இவ்வரலாற்றை எங்கள் வாயால் கேட்ட அன்னையார் நெடுநேரம் பேசாதிருந்து, “அந்தப் பிள்ளைக்கு யாராவது படுக்கையைப் போட்டுக் காட்டியிருக்கக் கூடாதா!” என்றார். தங்கை வீட்டுப் படுக்கை எவ்வாறு இருக்கும் என்று அன்றிரவே தொலைபேசியில் கேட்டறிந்தார்.

பெட்டி அடுக்கும்போது இன்னொரு சங்கடம். ஒருவருக்கு அனுமதித்த எடை 23 கிலோ. பிரசவ மருந்துப் பொடிகள், சுக்கு, பூண்டு, பருப்புப் பொடி, நல்லெண்ணெய் என்று பாதி போயிற்று. எஞ்சிய பாதியில் கம்பளியை வைத்த பிறகு, அன்னையார் அலமாரியின் அடியிலிருந்து ஐந்து பழைய பருத்திச் சேலைகளை எடுத்து வந்தார். துவைத்துத் துவைத்து வெண்ணெய்போல் ஆகிவிட்டவை. பிறக்கும் குழந்தையைச் சுற்றுவதற்காக. எடைத் தராசு 26 கிலோவுக்கு மேல் காட்டியது. அன்னையார் சற்றும் தயங்காமல் தம்முடைய தடித்த ஸ்வெட்டரையும் கம்பளிச் சால்வையையும் வெளியே எடுத்து வைத்தார். நாங்கள் தடுத்தோம். “பச்சை உடம்பில் முதலில் படுவது நம் வீட்டுத் துணியாக இருக்கட்டும். எனக்கு என்ன, இரண்டு சேலையைச் சேர்த்துச் சுற்றிக்கொள்வேன்” என்றார். இறுதியில் எங்கள் பெட்டியிலிருந்து காலணி ஒரு ஜோடியும் சட்டைகள் சிலவும் வீட்டிலேயே தங்கின. சால்வை அங்கே இடம் பெற்றது. ஸ்வெட்டரை அன்னையார் விமானத்துக்கு உடுத்திக்கொண்டார். உடுத்தியிருப்பதற்கு எடை இல்லையல்லவா!

கைப்பையில் மருந்துடன் ஒரு ஜோடி முழு உடையும் மழைச் சட்டையும் வைத்துக்கொள்ளவேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தியதற்குக் காரணம் ரெயில்வே அனுபவம். பிரயாணியும் பார்சலும் எப்போதும் ஒரே வண்டியில் போய்ச் சேர்வதில்லை. காந்தியடிகள் 1888 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் இறங்கியபோது, கப்பலில் கறுப்பு உடுப்பு அணிந்திருந்தவர், கரையேறும் நாளுக்கென்று வெள்ளை ஃபிளானல் உடுப்பைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து அணிந்துகொண்டார். இலையுதிர்காலத்து இலண்டனில் வெள்ளை உடுத்தியவர் அவர் ஒருவரே! மாற்றிக்கொள்ளப் பெட்டியும் இல்லை, சாவியும் இல்லை. அன்று சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு, திங்கள்வரை பெட்டி வராது. அந்த வெட்கத்தை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

நாங்கள் இறங்கியதும் சனிக்கிழமைதான், ஏப்ரல் 20. நடுவில் விமானம் மாறிய ஊரில் அன்னையாரின் பெட்டி பின்தங்கிவிட்டது. திங்களன்று வரும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் அடைத்திருப்பது சட்டம். ஒரு கைக்குட்டை வாங்க முடியாது. வெளியே மழையுடன் பனித்துகள் கலந்து விழுந்துகொண்டிருந்தது. உடுத்தியிருந்த ஸ்வெட்டரும், கைப்பையிலிருந்த ஃபிளானல் ரவிக்கையும், அறுநூறு ரூபாய் மழைச் சட்டையும், எங்கள் பெட்டியில் வந்த சால்வையும் அந்த இரண்டு நாளைக் கடத்தின. மூச்சு ஒருமுறையும் முட்டவில்லை. ஆனால் பழைய சேலைகள் பெட்டியோடு போய்விட்டனவே என்பதுதான் அன்னையாரின் கவலை. திங்கள் இரவு பெட்டி வீடு வந்து சேர்ந்ததும் அவர் முதலில் எண்ணிப் பார்த்தது அவற்றைத்தான்.

தங்கையின் அண்டை வீட்டில் யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர் இருக்கிறார். 1983-ஆம் ஆண்டுக் கொடுமைகளுக்குப் பின் ஈழத்தமிழர் பலர் ஜெர்மனிக்குத் தஞ்சமாக வந்தனர். கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, அங்கிருந்து நகர ரெயிலேறி மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தவர்கள் பலர். அப்படி ஒரு மாரியில், ஒற்றைச் சட்டையோடு வந்து இறங்கியவர் அவருடைய கணவர். “அம்மா, மேலால எவ்வளவு போட்டாலும் சரிவராது. உள்ளுக்குப் போடுறதுதான் குளிரைத் தாங்கும்” என்று அவர் அன்னையாருக்கு முதல் நாளே சொல்லிவிட்டார். ஜெர்மானியர்கள் இதனை ‘வெங்காய முறை’ என்கிறார்களாம். உடலை ஒட்டி ஒரு மெல்லிய தோல். நடுவே காற்றைப் பிடித்து வைக்கும் கம்பளித் தோல். மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் தோல். சூடு தருவது துணியன்று, தோல்களுக்கிடையே சிறைப்பட்ட காற்று. ஆகையால் தடித்த கோட்டு ஒன்றைக் காட்டிலும் மெல்லிய ஆடை மூன்று மேல்.

மூன்றாக இருப்பதில் மற்றொரு வசதியும் உண்டு. அங்கே வீடு, கடை, ரெயில் எல்லாம் உள்ளே 20 பாகைக்குச் சூடேற்றப்பட்டிருக்கும். தெருவில் நடுங்கியவர் கடைக்குள் நுழைந்ததும் வியர்ப்பார். அந்த வியர்வையோடு மீண்டும் தெருவுக்கு வந்தால்தான் நோய். எனவே உள்ளே நுழைந்தவுடன் ஒரு தோலை உரிக்கவேண்டும். தலைவழியே இழுத்துக் கழற்றும் ஸ்வெட்டர், கொண்டையும் முந்தானையும் உள்ளவருக்குப் பெருந்தொல்லை. முன்புறம் பொத்தான் வைத்ததே உகந்தது. சேலையை வழக்கத்தைவிட மூன்று விரற்கடை உயர்த்திக் கட்டி, கொசுவத்தைப் பின்னால் குத்திவிட்டால் ஓரம் நனையாது. குடை அந்தக் காற்றுக்குத் தாமரை இலைபோல் மேல்நோக்கி மலர்ந்துவிடுகிறது. குல்லாய் வைத்த மழைச் சட்டையே துணை. செருப்பு வீட்டுக்குள் மட்டும்.

ஆறாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையில் நல்ல துணிகள் அடுக்கி வைத்திருந்தார்கள், குறையொன்றுமில்லை. ஆயினும் வீட்டுக்கு வந்ததும் குழந்தை உறங்கியது பாட்டியின் சேலைத் துண்டில்தான். தூளி கட்ட உத்தரம் இல்லாததுதான் அன்னையாருக்குக் குறை.

அதே வாரத்தில் வானம் வெளுத்து, மாத இறுதியில் வெப்பம் 25 பாகையைத் தாண்டிற்று. ஒரு வாரத்துக்கு முன் பனித்துகள் விழுந்த அதே சாலையில் மக்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நடந்தனர். ஏப்ரல் 28 அன்று பெங்களூரில் 38.5 பாகை என்ற செய்தியைப் படித்துக்கொண்டே, மியூனிக்கில் அன்னையார் அந்த ஒற்றைக் கைத்தறிச் சேலையை எடுத்து உடுத்தினார். கம்பளியைக் கட்டிவைத்துவிடலாமா என்று நாங்கள் கேட்டபோது, கீழ்வீட்டு ஜெர்மானிய முதியவர் தலையசைத்து மறுத்தார். மே 11 முதல் 15 வரை வரும் நாள்களைப் ‘பனிப் புனிதர்கள்’ என்று அந்நாட்டு உழவர் அழைப்பர். அவை கழியும்வரை உறைபனி மீண்டும் வரலாம் என்று தக்காளி நாற்றைக்கூட வெளியே நடமாட்டார்களாம். நம் ஊரில் அக்கினி நட்சத்திரம் போல என்று அன்னையார் உடனே விளங்கிக்கொண்டார்.

ரெயில்வே இரத்தம் சும்மா இருக்கவிடாமல், ஒரு நாள் மட்டும் பற்சக்கர ரெயிலேறி, 2,962 மீட்டர் உயரமுள்ள ‘சுக்ஸ்பிட்ஸ’ சிகரத்துக்குச் சென்றுவந்தோம். 1930 முதல் ஓடும் பாதை அது. மேட்டுப்பாளையம் மலை ரெயிலை அறிந்தவர்களுக்குப் பற்சக்கரத்தின் ஓசை சொந்த ஊர் ஓசையாகவே இருக்கும். அடிவாரத்தில் சட்டையோடு நின்றவர்கள் உச்சியில் மூன்று தோலையும் போட்டுக்கொண்டு பனிமேல் நின்றோம். அன்னையார் வரவில்லை, பேத்தியை விட்டு எழுந்திருக்க அவருக்கு மனமில்லை.

விடுப்பு முடிந்து மே 13 அன்று நாங்கள் திரும்பினோம். விசா அனுமதித்த தொண்ணூறு நாளும் இருந்துவிட்டு அன்னையார் ஜூலையில் வந்தார். பழைய சேலைகள் ஐந்தும் அங்கேயே தங்கிவிட்டன. மழைச் சட்டையும், ஃபிளானல் ரவிக்கை மூன்றும், தெர்மல் இரண்டு ஜோடியும் துவைத்து, வேப்பிலை போட்டு எங்கள் வீட்டில் இருக்கின்றன. சென்ற மார்கழியில் எங்கள் தெருவைச் சேர்ந்த ஓர் அம்மையார் நெதர்லாந்துக்கு மகன் வீட்டுக்குப் போனபோது வாங்கிச் சென்று, ஒரு பொத்தானைப் புதிதாகத் தைத்து நல்லபடி திருப்பித் தந்தார். ரவிக்கை 38 அளவு. பக்கத் தையலில் இரண்டு அங்குலம் பிரித்துவிட இடமுண்டு. வேண்டுவோர் சங்கக் கூட்டத்தன்று சொல்லிவைத்தால் அடுத்த ஞாயிறு எடுத்துவருவோம்.